புறங்கையும் பதினாலு மாதத் தண்ணீரும்

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் எடுத்த எடுப்பில் உள்ளங்கையால் பிடிக்க மாட்டாள். முதலில் புறங்கையைக் கொண்டுபோய் லேசாக வைப்பாள், அப்புறம்தான் பிடிப்பாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம், இஸ்திரிப் பெட்டி, வெயிலில் நின்ற பஸ்ஸின் கம்பி, காய்ச்சலில் படுத்த கணவனின் நெற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். தர்பூசணி வாங்கப் போனால் மற்றவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். இவள் அதற்கும் புறங்கையைத்தான் வைப்பாள்.

"பால்சட்டியைப் பூனை மோந்து பாக்கற மாதிரி என்னடி அது?" என்பாள் நாத்தனார். கணவனின் அக்கா. இவர்களோடுதான் இருக்கிறாள். முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களின் ரவிக்கை அளவிலிருந்து குடும்ப விவகாரம் வரை எல்லாவற்றையும் வெட்டித் தைப்பவள்.

பழக்கம் வந்தது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில். மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடிக் கடைசி அறையில், கண்ணாடிக் குப்பிகளைக் கழுவும் வேலை. கழுவிய குப்பிகளை ஒரு பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான இயந்திரத்தில் அடுக்கி ஆவியில் வேகவைப்பார்கள். வெளியே எடுத்து மேஜையில் வைத்தபின், சுடும் குப்பிக்கும் ஆறிய குப்பிக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. கண்ணாடி காட்டிக்கொடுக்காது. அன்றைக்கு அவள் இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கினாள். மூன்று நாள் கரண்டி பிடிக்க முடியவில்லை. புறங்கை சுட்டால் கை தானாகப் பின்னால் போகும், உள்ளங்கை சுட்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று அப்போது தெரிந்துகொண்டாள்.

ஏழாம் வகுப்போடு நின்றவள் அவள். நிறையப் பேச மாட்டாள். யாராவது எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிடுவாள், சுவருக்கே கூச்சம் வரும் அளவுக்கு. ஆனால் கண் சும்மா இருக்காது. குப்பி சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தராத ஒரு வழி உண்டு. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் மெல்லிய துணி போல விரிந்து வழியும். கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் முத்து முத்தாக நின்றுகொள்ளும். ஒரு முத்து நின்றாலும் மறுபடி சோப்புத் தண்ணீருக்குத்தான். கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் குப்பியக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கிட்டத்தட்ட நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள். படிப்பு முடியாததால் கீழே வாசல் காவலர் அவளுக்கு 'அரை டாக்டர்' என்று பெயர் வைத்தார். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். அவளுடைய வேலை குளிர். மரங்களுக்குக் குளிர் எப்படித் தெரிகிறது, தெரிந்ததும் அவை உள்ளே என்ன செய்துகொள்கின்றன என்று பார்ப்பது. அதற்காக முழங்கை உயரத் தைலமரக் கன்றுகளைச் சின்னச் சின்னத் தொட்டிகளில் வளர்த்தாள். அவள் குப்பியறைக்கு வந்தாலே தைலவாசம் வரும்.

கழுவிய சோதனைக் குழாய்களை வாங்கிப்போக வருகிறவள், வாங்கிக்கொண்டு போகாமல் நின்று பேசுவாள். மற்ற அறைகளில் அவரவர் வேலை அவரவருக்கு. குப்பியக்கா ஒருத்திதான் கேட்பாள். தலையை ஆட்டுவாள் என்றுதான் அரை டாக்டர் நினைத்திருந்தாள், கேள்வி கேட்பாள் என்று நினைக்கவில்லை.

"மரத்துக்குக் குளிருதுன்னு எப்படிம்மா தெரியும்? அதுக்கென்ன தோல் இருக்கா, நரம்பு இருக்கா?"

"அதைத்தான்க்கா நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன். அதுக்குத்தான் எனக்கு உதவித்தொகையே குடுக்கறாங்க." அரை டாக்டர் கழுவும் தொட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டாள். "மரத்தோட ஒவ்வொரு செல்லையும் சுத்தி மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கு. சவ்வுன்னு சொல்வோம். குளிர்காலத்துல உங்க வீட்டுத் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும்?"

"கட்டியாயிடும். பாட்டிலைக் கவுத்துப் போட்டு முதுகுல தட்டினாலும் வராது."

"அதே கதைதான். அந்தப் படலமும் லேசா இறுகும். இறுகினதும் அதுல இருக்கற குட்டிக் குட்டி வாசல் திறந்துக்கும். வெளியில இருக்கற கால்சியம் குபுகுபுன்னு உள்ள போகும். குளிர் வந்தாச்சுங்கற முதல் சேதி அதுதான்னு நினைக்கறோம். உள்ள ஒரு புரதம் அதுக்காகவே காத்துக்கிட்டு இருக்கும். அது போய் ஒரு மரபணுவை எழுப்பும். அந்த ஒண்ணு எழுந்ததும் நூறை எழுப்பும்."

குப்பியக்கா யோசித்தாள். "எங்க வீட்டு நாத்தனார் மாதிரி. அவங்க எழுந்தா அப்புறம் யாரும் படுத்திருக்க முடியாது."

அரை டாக்டர் சிரித்ததில் கையிலிருந்த குழாய்கள் கலகலவென்று ஆடின. "சரியா சொன்னீங்க. அந்த மரபணுவுக்கு நான் இனிமே நாத்தனார்னே பேர் வச்சுக்கறேன்."

"அந்த நூறு பேரும் எழுந்து என்ன பண்ணுவாங்க?"

"சிலது சர்க்கரையைச் சேர்த்து வைக்கும். சிலது அந்த எண்ணெயை இளக்கும், மறுபடி இறுகாதபடிக்கு. சில புரதம் பஞ்சு மாதிரி உள்ள நிரம்பி, செல் சுருங்கினாலும் நொறுங்காம பாத்துக்கும். செல்லுக்குள்ள இருக்கற தண்ணியில கொஞ்சம் வெளியே போயிடும். பனிக்கட்டி வெளியே பிடிச்சா பரவால்லை. உள்ள பிடிச்சா கத்தி மாதிரி கிழிச்சிடும். அப்புறம் அவ்வளவுதான்."

அன்று முழுவதும் குப்பி கழுவும்போது இதுவே மண்டையில் ஓடியது. வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தலைக்குத் தேய்ச்சுக்கற எண்ணெயில என்ன தெரியுது, எதிர்காலமா?" என்றாள் நாத்தனார்.

அரை டாக்டரின் சோதனை கேட்பதற்குச் சுலபம். நாற்பத்தெட்டுக் கன்றுகள். பாதியை விளக்கு போட்ட கதகதப்பான வளர்ப்பறையில் வைப்பாள், இருபத்துநாலு டிகிரி. மீதிப் பாதியை மூன்று வாரம் குளிர் அறையில் வைப்பாள், நாலு டிகிரி. இடையில் எல்லாக் கன்றிலும் காலை பத்து மணிக்கு ஒரு இலையைக் கிள்ளி, அந்த மரபணு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று பார்ப்பாள். விழித்திருந்தால் படத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும், தூங்கினால் வெறும் கறுப்பு. கடைசியில் எல்லாக் கன்றையும் உறைபெட்டியில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி வரைக்கும் மெல்ல இறக்கி, வெளியே எடுத்து ஒரு வாரம் காத்திருப்பாள். குளிருக்குத் தயாரான கன்றுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். தயாராகாதவை வெந்த கீரை மாதிரி தொங்க வேண்டும்.

முதல் வருஷம் அப்படியே நடந்தது. வளர்ப்பறைக் கன்றுகள் இருபத்துநாலில் இருபத்துமூன்று தொங்கிவிட்டன. செடி செத்ததற்கு இனிப்பு வாங்கிக் கொடுத்த ஒரே ஆளை குப்பியக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

இரண்டாம் வருஷம் கதை மாறியது. அதே கன்று, அதே அறை, அதே பெட்டி. வளர்ப்பறைக் கன்றுகளில் பதினைந்து நிமிர்ந்து நின்றன. செத்திருக்க வேண்டியவை. அரை டாக்டர் மறுபடி ஆரம்பத்திலிருந்து செய்தாள். இந்தத் தடவை பதினாலு. கறுப்பாக இருக்க வேண்டிய படத்தில் மங்கலாக ஒரு வெள்ளைக் கோடு. கதகதப்பான அறையில் உட்கார்ந்துகொண்டு நாத்தனார் விழித்திருந்தாள்.

துறைத்தலைவரைக் கட்டடத்தில் பென்சில் சார் என்பார்கள். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், எழுதுவது என்னவோ பேனாவில். அவர் அரை டாக்டரை நடைபாதையில் நிறுத்திக் கேட்டது குப்பியறை வரைக்கும் கேட்டது.

"கன்னுத் தட்டை மாத்தி வச்சிட்டே. வேற என்ன?"

"இல்ல சார். ஒவ்வொரு தொட்டியிலும் லேபிள் இருக்கு சார்."

"அப்ப லேபிளை மாத்தி ஒட்டிட்டே. செடி பொய் சொல்லாதும்மா. வியாழக்கிழமை குழு கூடுது. உனக்கு இன்னும் அவகாசம் குடுக்கறதா வேண்டாமான்னு அங்கதான் முடிவாகும். எதையாவது மாத்திட்டேன்னு ஒத்துக்கிட்டாக்கூட ஒரு வழி இருக்கு. ஒண்ணுமே தெரியலைன்னு நின்னா, ஆளுக்கே கவனம் போதாதுன்னு எழுதி அனுப்பிடுவாங்க."

கொஞ்ச நேரம் கழித்து அரை டாக்டர் குப்பியறைக்கு வந்தாள். குழாய் வாங்க வரவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நான் மாத்தலைக்கா."

"தெரியும்மா." குப்பியக்காவுக்கு அதற்குமேல் ஆறுதல் சொல்ல வராது. துண்டை நீட்டினாள். அப்புறம், நாலு நாளாக மண்டைக்குள் உருண்டுகொண்டிருந்ததைக் கேட்டாள். "அந்த மரபணுவை எழுப்பறதுக்கு எவ்வளவு நேரம் குளிர் படணும்? மூணு வாரமா?"

"மூணு வாரம் முழுசா தயாராகறதுக்கு. எழுப்பறதுக்குன்னா கால்மணி நேரம்கூடப் போதும்க்கா."

"கால்மணியா?"

"கால்மணிதான். ஆனா அந்த ரூம்ல குளிருக்கு எங்க போறது? தெர்மாமீட்டர் ராத்திரி பகல் இருபத்துநாலுதான் காட்டுது."

கால்மணி என்ற சொல் குப்பியக்காவின் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். வீட்டில் அரிசியை இரண்டு தடவை கழுவினாள். வளர்ப்பறைக்குள் தினமும் போகிறவர்கள் இரண்டே பேர். இலை கிள்ளுவதற்கு அரை டாக்டர். தண்ணீர் ஊற்றுவதற்கு அவள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு வழக்கம்போல கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கன்றுகளுக்கு ஊற்றினாள். ஒரு தொட்டிக்கு ஒரு டம்ளர். ஊற்றி முடித்ததும் வழக்கம்போலக் கிளம்பவில்லை. முதல் தொட்டியின் பக்கத்தில் குனிந்து, புறங்கையை அதன் மேல் வைத்தாள்.

கை தானாகப் பின்னால் வந்தது.

அவள் கேனைத் திரும்பிப் பார்த்தாள். அதன் வயிற்றில் வேர்த்திருந்தது. பத்தொன்பது வருஷமாக இரும்பு, கண்ணாடி, மனுஷத் தோல் எல்லாவற்றையும் புறங்கையால் விசாரித்தவள், அந்த ஒரு கேனை மட்டும் விசாரிக்கவே இல்லை. அதற்குப் பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தது. தவிர, அது அவளுடைய சொந்தக் கேன். தான் வைத்த சாமானை யார் சந்தேகப்படுவார்கள்?

நடந்தது இதுதான். செடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்புப் பூக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். அதைக் காய்ச்சும் இயந்திரம் குப்பியறையில் இருந்தது. மாலையில் அதிலிருந்து சூடாக இறங்கும் தண்ணீரைக் கேனில் பிடித்து நடைபாதையில் வைப்பாள். காலையில் ஆறியிருக்கும். பல வருஷ வழக்கம். பதினாலு மாதத்துக்கு முன்னால் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நடைபாதையில் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் ஒட்டிவிட்டுப் போனார். குப்பியறையிலோ கால் வைக்க இடமில்லை. காலி இடம் இருந்தது குளிர் அறை ஒன்றில்தான், அதன் சாவியும் அவளிடம் இருந்தது. சீக்கிரம் ஆறட்டுமே என்று கேனை அங்கே வைத்தாள். காலையில் எடுத்து நேராகக் கன்றுகளுக்கு ஊற்றினாள். நாள் முழுக்க விளக்குச் சூட்டில் நிற்கிற ஜீவன்கள், கொஞ்சம் குளுகுளுவென்று குடிக்கட்டுமே என்றுகூட ஒரு நினைப்பு உண்டு அவளுக்கு. அதில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

இருந்தாலும் ஊகம் வேறு, உறுதி வேறு. ஒரு முத்துத் தண்ணீர் நின்றாலும் மறுபடி கழுவுகிறவள் அவள். அடுத்த இரண்டு காலையும் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்று, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றாத ஒரு காலித் தொட்டியிலும் வைத்து ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்றாக ஆவதற்கு நாற்பது நிமிஷம் ஆனது, இரண்டு நாளும்.

கால்மணி போதும் என்றாளே.

புதன்கிழமை மாலை கணவனிடம் கேட்டாள். அவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். வீட்டிலும் பாதி கழற்றிய ஒரு ஃப்ரிட்ஜ் எப்போதும் இருக்கும், அதன் மேல்தான் சாப்பாட்டுத் தட்டுகள்.

"என்னங்க, நாலு டிகிரியில ராத்திரி முழுக்க வச்ச கேனை வெளியே எடுத்தா, சாதாரணமா ஆக எவ்வளவு நேரம் ஆகும்?"

"எத்தனை லிட்டர்?"

"இருபது."

"மதியம் ஆயிடும். ஏன், எந்தக் கேன்?"

சொன்னாள். ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். முன்னறையில் மிஷின் சத்தம் நின்றது. நாத்தனார் ஊசியில் நூலோடு வந்து நின்றாள்.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"நல்லது. சொல்லாதே. நாளையிலேர்ந்து அந்தக் கேனை வேற எங்கயாவது வை. முடிஞ்சது. தவளை தன் வாயாலதான் கெடுமாம். நீ வாயே திறக்காத தவளை, இப்ப எதுக்குப் புதுசா?"

"அந்தப் பொண்ணு மேல பழி விழுதே அண்ணி. நாளைக்கு முடிவு பண்றாங்க."

"அது படிச்ச பொண்ணு. இந்த இடம் இல்லைன்னா இன்னொரு இடம். உனக்கு? ஏழாங்கிளாஸுக்கு எந்தக் கம்பெனி கதவைத் திறந்து வச்சிருக்கான்? மூணு வருஷ வேலையைக் கெடுத்தவள்னு தெரிஞ்சா குப்பியைக் கழுவவா விடுவாங்க? உன்னையே கழுவி வெளிய ஊத்திடுவாங்க."

கணவன் தட்டைப் பார்த்தபடி சொன்னான். "அக்கா சொல்றதுல தப்பில்லை." கொஞ்சம் பொறுத்து, "ஆனா நான் ஒரு மிஷினைத் தப்பா மாட்டிட்டு வந்து, அந்த வீட்டுக்காரன் கரண்ட்காரனைத் திட்டினான்னு வை, எனக்கு அன்னைக்குத் தூக்கம் வராது. அவ்வளவுதான். முடிவு உன்னுது."

"இவன் ஒருத்தன், எரியற நெருப்புல எண்ணெய் ஊத்த வந்துட்டான்," என்று நாத்தனார் ஊசியைத் தலைப்பில் குத்திக்கொண்டு போனாள்.

பயம் இருந்தது. ஆனால் அவளை நிஜமாகவே தொந்தரவு செய்தது வேறு ஒன்று. சொல்லாமல் கேனை இடம் மாற்றிவிட்டால், அடுத்த தடவை கன்றுகள் ஒழுங்காகச் சாகும். ஏன் நடுவில் பிழைத்தன என்று யாருக்கும் கடைசிவரை தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தெரிந்ததை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவளுக்குப் படம் எடுக்கத் தெரியுமா, இலையைக் கிள்ளிப் பார்க்கத் தெரியுமா?

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடியது. கூட்ட அறைக்குள் அவள் இதற்குமுன் போனதெல்லாம் எல்லாரும் போனபிறகு, காபிக் கோப்பைகளை எடுக்க. அன்றைக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். காலை எட்டரைக்கு அதை எடுக்கவில்லை, கன்றுகளுக்கு ஊற்றவும் இல்லை, இப்போதுதான் குளிர் அறையிலிருந்து எடுத்தாள். கதவைத் தட்டினாள். அவள் தட்டியது அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி தட்டினாள்.

உள்ளே நீள மேஜை, ஐந்து பேர். ஒரு ஓரத்தில் அரை டாக்டர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஏற்கெனவே அடுக்கியதையே.

"கப் அப்புறம் எடுத்துக்கலாம்மா," என்றார் பென்சில் சார்.

"கப்புக்கு வரலைங்க சார்." கேனைத் தூக்கி மேஜை மேல் வைத்தாள். யாருடைய காகிதமோ அதன் அடியில் மாட்டிக்கொண்டது. "இதுமேல கையை வைச்சுப் பாருங்க."

"என்னது இது?"

"கையை வைங்க சார். புறங்கையை."

அவர் விளையாட்டுக்குக் கட்டுப்படுகிற குழந்தை மாதிரிக் கையைத் திருப்பி வைத்தார். உடனே எடுத்தார். "சில்லுனு இருக்கு. அதுக்கு?"

"இதைத்தாங்க நான் வளர்ப்பறைக் கன்னுக்கு ஊத்தினேன். தினமும் காலையில எட்டரைக்கு. பதினாலு மாசமா. அவங்க எதையும் மாத்தலை. நான்தான்."

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிப்போகும் சத்தம் கேட்டது. ஒரு ஆரம்பம் கிடைத்துவிட்டதால் அவளால் நிறுத்தவும் முடியவில்லை. சிவப்பு நோட்டீஸைச் சொன்னாள், காலி இடத்தைச் சொன்னாள், குளுகுளுவென்று குடிக்கட்டும் என்று நினைத்ததையும் சொன்னாள். "ஊத்தினா நாப்பது நிமிஷம் தொட்டி சில்லுனு இருக்குங்க. ரெண்டு நாள் பாத்தேன்."

"எதை வச்சுப் பாத்தீங்க? தெர்மாமீட்டரா?"

"கையாலங்க."

மேஜையில் ஒருவர் சிரித்தார். பென்சில் சார் சிரிக்கவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்தப் பென்சிலால் அவர் எழுதியதை அரை டாக்டர்கூட அன்றைக்குத்தான் பார்த்தாளாம். "எட்டரைக்குத் தண்ணி. பத்து மணிக்கு இலை கிள்றது," என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, "பதினாலு மாசம்," என்றார். கோபமா துக்கமா என்று தெரியாத குரல்.

அரை டாக்டர் எழுந்து, குப்பியக்காவைப் பார்க்காமலே வெளியே போய்விட்டாள்.

நாலு நாள் அவள் குப்பியறைப் பக்கம் வரவில்லை. குழாய்களை வாங்கிப்போக வேறு யாரையோ அனுப்பினாள். குப்பியக்காவுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. குளிர் அறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர் ஊற்றும் வேலை கைமாறியது. வேலையைவிட்டு நிறுத்தவில்லை. தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை, அதனால் நிறுத்த முடியாது என்று பென்சில் சார் சொன்னதாக வாசல் காவலர் வந்து சொன்னார்.

"பாத்தியா, நான் சொன்னேனே," என்றாள் நாத்தனார்.

"நிறுத்திடுவாங்கன்னு சொன்னீங்க அண்ணி. நிறுத்தலை."

"கடிதம் வந்துச்சுல்ல? அதுவும் நான் சொன்னதுல பாதிதான்."

கடிதத்தைவிட அந்த நாலு நாள்தான் கனத்தது. மூன்று வருஷத்தில் ஒரு வருஷத்துக்குமேல் அந்தப் பெண்ணுக்குக் கரைந்துபோயிற்று. குளிர்ந்த தண்ணீரில் கரைத்தது அவள்தான். மன்னிப்புக் கேட்க நினைத்து இரண்டு தடவை படிக்கட்டு வரை போய்த் திரும்பினாள்.

ஐந்தாம் நாள் மாலை அரை டாக்டர் வந்தாள். வணக்கம் இல்லை, சமாதானம் இல்லை. கதவில் கை வைத்தபடியே கேட்டாள்.

"அக்கா, தண்ணியை இலை மேல தெளிப்பீங்களா, மண்ணுல மட்டும் ஊத்துவீங்களா?"

"மண்ணுல மட்டும்தாம்மா. டம்ளரை வேர்கிட்ட சாய்ச்சு."

"இலையில ஒரு சொட்டுக்கூடப் படாது?"

"படாது. இலை நனைஞ்சா விளக்குச் சூட்டுல கருகிடும்னு பாத்துப் பாத்து ஊத்துவேன்."

அரை டாக்டர் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. "அப்ப இலைக்குக் குளிரே படலை. அது இருபத்துநாலு டிகிரியில சுகமா இருந்திருக்கு. குளிர்ந்தது வேர் மட்டும். ஆனா நான் கிள்ளினது இலையை. இலையிலதான் நாத்தனார் முழிச்சிருந்தா. யாருக்கா இலைக்குப் போய்ச் சொன்னது?"

குப்பியக்கா கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "தண்ணியோட சேர்ந்து ஏதாவது மேல போயிருக்குமோ?"

"இருக்கலாம். இல்ல, அந்தக் கால்சியமே ஒரு செல்லிலேர்ந்து அடுத்த செல்லுக்குன்னு அலை மாதிரி ஏறியிருக்கலாம். இல்ல, வேர் குளிர்ந்ததுல தண்ணி குடிக்கறதே குறைஞ்சு, அதுல இலைக்குத் தெரிஞ்சிருக்கலாம்."

"நான் ஒருநாள் கால்ல ஐஸ் தண்ணி கொட்டிக்கிட்டேன். தும்மல் வந்துது."

"அதை எழுதினா பென்சில் சார் என்னைக் கொன்னுடுவார்." அரை டாக்டர் சிரித்தாள். குப்பியக்கா ஒரு குப்பியைக் கவிழ்த்து வைத்தாள். "அன்னைக்கு எனக்குக் கோவம்க்கா," என்றாள் அரை டாக்டர். "இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்மா."

குழு அவளுக்கு எட்டு மாதம் கொடுத்தது. ஒரு வருஷம் கேட்டிருந்தாள். இந்தத் தடவை கன்றுகளை மூன்று வரிசையாக வைத்தாள். ஒன்று குளிர் அறையில். ஒன்று வளர்ப்பறையில், அறைச் சூட்டுத் தண்ணீரோடு. மூன்றாவதும் வளர்ப்பறையில்தான், ஆனால் தினமும் காலை எட்டரைக்கு, நாலு டிகிரித் தண்ணீர், ஒரு தொட்டிக்கு ஒரு டம்ளர், வேரோடு, இலையில் படாமல். அந்த வரிசையின் அட்டையில் 'குப்பி' என்று எழுதியிருந்தது. கழுவும் தொட்டிப் பக்கம் வந்த யாரோ சொல்லித்தான் குப்பியக்காவுக்குத் தெரியும். கதவுக் கண்ணாடி வழியாக ஒருநாள் எட்டிப் பார்த்தாள். உண்மைதான்.

எட்டு மாதம் போன மாதம் முடிந்தது. அறைச் சூட்டுத் தண்ணீர் குடித்த இருபத்துநாலும் தொங்கிவிட்டன. இந்தத் தடவை இனிப்பு குப்பியக்கா வாங்கிக்கொண்டு போனாள். குப்பி வரிசையில் பதிமூன்று நிமிர்ந்து நின்றன. வேரிலிருந்து இலைக்குச் சேதி எப்படிப் போகிறது என்று அந்தக் கட்டடத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. அரை டாக்டர் எழுதிக்கொண்டிருக்கிறாள். வாசல் காவலர் அவளை இப்போது முக்கால் டாக்டர் என்கிறார். குப்பியக்கா காலை எட்டு மணிக்கு வந்து குப்பி கழுவுகிறாள். குளிர் அறைச் சாவி அவளிடம் இல்லை. தண்ணீர்க் கேன் இரவெல்லாம் வளர்ப்பறைக்குள்ளேயே நிற்கிறது, அதன் கழுத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது.